பேயென்றே இருக்கட்டும்

மதினி,

இன்று காலை கம்பெனி வேனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடமிருந்து கொய்யா இலை வாசம் வந்தது. நடுவயது ஆள், வேலைக்குப் புதுசு. உதட்டை இறுக்க மூடிக்கொண்டு தாடை மட்டும் அசைய மென்றுகொண்டு வந்தார். அந்தப் பச்சை வாசத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலை கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொருத்தரையும் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்ப்பார். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார். அவரை ஏமாற்ற முடியுமா? அந்த ஆளை ஓரமாக வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கை விரல்களை ஒன்றோடொன்று பின்னிப் பிடித்திருந்தார். நடுக்கத்தை மறைப்பதற்கு நானும் அப்படித்தான் பிடிப்பேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு இன்றைக்கு வேலை ஓடவில்லை. வெயிலில் காயப்போட்ட தரைச்சக்கரங்களைத் திருப்பிப் போடும்போதெல்லாம் உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் வீட்டுக் கொல்லையில் நின்ற கொய்யா மரத்தில் கைக்கு எட்டும் உயரம் வரை இலையே இருக்காது. பாதி அண்ணன் பறித்தது, பாதி நான் பறித்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுக் கோமதியக்கா வந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, மரத்துக்கு எதுவும் சீக்கா?" என்று கேட்டார். நீங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். தலையைக்கூடத் தூக்கவில்லை. "மரம் நல்லாத்தான்க்கா இருக்கு. வீட்டுக்குள்ள ரெண்டு கெடா வளக்குறோம்ல" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். தன்னைக் கேலி செய்தாலும் சிரிக்கிற மனுசன் அவன். ஏழாயிரம்பண்ணையிலிருந்து திருத்தங்கல் பக்கம் வாக்கப்பட்டு வந்து, ஒரு குடிகாரனுக்குப் பெண்டாட்டியாகவும் இன்னொரு குடிகாரனுக்கு மதினியாகவும் ஆகிப்போன உங்களுக்கு, அந்தச் சிரிப்புதான் ஒரே லாபம் என்று நினைக்கிறேன்.

அண்ணனும் நானும் ஒரே கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை பார்த்தோம். வெயில் ஏறுவதற்குள் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சலித்துக் கலந்து கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். கை நடுங்குகிறவனுக்கு அந்த அறையில் இடமில்லை. குடிக்காமல் இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கை நடுங்கும். அதனால் கை நிற்பதற்குக் காலையில் ஒரு மடக்கு, அந்த மடக்கின் வாடை தெரியாமல் இருக்க நாலு கொய்யா இலை. அப்போது அதை ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தோம்.

அண்ணன் செத்தது ஊரறிந்த கதை. தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த நேரம். அவன் குடியை விட்டுவிட்டான் என்று வீடே சந்தோசமாக இருந்தது. நீங்கள் கறி எடுத்துக் குழம்பு வைத்தீர்கள். மூன்றாம் நாள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. சுவரில் பூரான் ஊருகிறது என்றான். இல்லாத ஆளோடு சண்டை போட்டான். கண்மாய்க்கரைப் பக்கம் போனவனைப் பேய் அடித்துவிட்டது என்று அம்மா கோடாங்கியைக் கூட்டிவந்தாள். வேப்பிலையால் அடித்தார்கள், திருநீறு போட்டார்கள். அண்ணனுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்து, வெட்டு வெட்டி இழுத்து, பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டது. அன்றிலிருந்து நம் வீடு பேய் அடித்தவன் வீடு. எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தைச் சாக்கு வைத்து இன்னும் கூடக் குடித்தேன்.

நீங்கள் படுத்துவிட்டீர்கள். துக்கம் என்று முதலில் எல்லோரும் விட்டுவிட்டோம். ஆனால் மாதக் கணக்கில் அப்படியே கிடந்தீர்கள். தலை சீவுவதில்லை, சாப்பாட்டுத் தட்டை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே ரொம்ப நேரம் ஆகும். "வேல செய்ய வளையாத ஒடம்பு" என்று அம்மா முணுமுணுப்பாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை எழுந்து குளித்து, அம்மன் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று பஸ் ஏறினீர்கள். அப்புறம் செவ்வாய்க்கிழமைதோறும் போவதும் வருவதுமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்கு உயிர் வந்தது. பெட்டி ஒட்டுகிற வேலையை வீட்டுக்கு வாங்கிவந்து செய்ய ஆரம்பித்தீர்கள். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கையில்தான் அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். கையில் காப்புக் கட்டிவிட்டால் குடி கூடாது. மாலை, காப்பு என்று எதையாவது போட்டுக்கொண்டுதான் நம் ஊரில் பாதிப் பேர் குடியை நிறுத்துகிறான்கள். கழற்றிய கையோடு கடைக்குப் போகிறான்கள். நான் ஒரேயடியாக விட்டுவிடுவது என்ற முடிவோடு கட்டினேன். பூசாரி மஞ்சள் கயிற்றை முடிந்த நேரத்திலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. அம்மாவுக்குத் தாங்கமுடியாத பெருமை.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. கோமதியக்கா சொன்னதையும் வேன் டிரைவர் சொன்னதையும் வைத்துத்தான் எனக்குத் தெரியும். கோயில் முன்னால் கொட்டு அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம், நான் கூட்டத்துக்கு நடுவில் நின்று கிடுகிடுவென்று நடுங்கியிருக்கிறேன். சட்டை பிழியப் பிழிய வேர்வை. திடீரென்று தரையில் விழுந்து இரண்டு கையாலும் மண்ணைக் கூட்டி அள்ளியிருக்கிறேன். "சிந்திருச்சு! மருந்து சிந்திருச்சு! யாரும் மிதிச்சுராதீக, எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தியிருக்கிறேன். கூட்டம் என்ன செய்யும்? "ஆத்தா எறங்கிட்டா!" என்று குலவை போட்டார்கள். மஞ்சத்தண்ணியை என் தலையில் ஊற்றினார்கள். கொட்டை இன்னும் வேகமாக அடித்தார்கள். கோமதியக்கா ஓடிவந்து காலில் விழுந்து, "தாயே, எம் மகளுக்கு எப்பம்மா கல்யாணம் கூடும்?" என்று கேட்டிருக்கிறார். நான் கண்ணை உருட்டிக்கொண்டு, "ரெண்டு கதவையும் தெறந்து வையி!" என்றிருக்கிறேன். மருந்து அறையில் எப்போதும் இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். பாவம், அந்த அக்கா அதை அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டு முன்கதவையும் பின்கதவையும் நாள்கணக்கில் திறந்தே போட்டிருந்தார். மாப்பிள்ளை வரவில்லை. நாய் வந்து தோசை மாவை நக்கிவிட்டுப் போனது. இதை நீங்கள் சொல்லிச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருப்பீர்கள்!

ஆனால் அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை. தாலி அறுத்தவள் காப்புக் கட்டின இடத்துக்கு வரக்கூடாது என்று தெருமுனையிலேயே நின்றிருந்தீர்களாம். என் சத்தம் கேட்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தீர்களாம்.

"கொட்ட நிப்பாட்டுங்க. இது சாமி இல்ல. சீக்கு."

"ஏ, வாயக் கழுவுடி!" என்று அம்மா பாய்ந்தாள். "நீ எதுக்குடி இங்கன வந்த? ஆத்தா எறங்கியிருக்கற எடத்துல நிக்கிற மூஞ்சியா ஒன் மூஞ்சி?"

"அத்தை, என்னைய அப்புறம் வைங்க. குடிச்சுப் பழகுன ஒடம்பு, சட்டுனு நிப்பாட்டுனா இப்படித்தான் ஆகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலன்னா ஆளு நமக்குக் கெடைக்காது."

"ஒனக்கு எவன் சொன்னான்?"

அந்தக் கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வாயை மூடியிருப்பார்கள். நீங்கள் அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னீர்கள்.

"எனக்கு டாக்டர் சொன்னாரு. நான் செவ்வாக்கிழம போறது கோயிலுக்கு இல்ல. விருதுநகர் பெரியாஸ்பத்திரியில பைத்தியக்கார டாக்டருன்னு சொல்றீகள்ல, அவர்ட்டதான் போறேன். மாத்திரை திங்கிறேன். போதுமா? வண்டியக் கூப்பிடுங்க."

வேன் டிரைவர்தான் முதலில் அசைந்தார். அவரும் இன்னும் இரண்டு பேரும் என்னைத் தூக்கிக் கம்பெனி வேனில் போட்டார்கள். நீங்கள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு விருதுநகர் வரைக்கும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். அம்மா ஏறவில்லை. வந்த அம்மனை ஊசி போட்டு விரட்டப் போகிறாள் பாவி என்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கண் விழித்தபோது கையைக் கட்டிலோடு துணி போட்டுக் கட்டியிருந்தார்கள். கால்மாட்டில் நீங்கள் முட்டுக்காலில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். டாக்டர் வந்து பொறுமையாகச் சொன்னார்: "உங்க மூளை சாராயத்துக்குப் பழகிப்போச்சு. மாடியிலேருந்து எறங்கணும்னா படியில எறங்கணும், குதிக்கக் கூடாது. படி நாங்க வச்சிருக்கோம். ஊசி, மாத்திரை, கொஞ்ச நாள் இங்க தங்குறது." எனக்கு எரிச்சலாக வந்தது. சாமி இறங்கினவன் என்றால் ஊரில் ஒரு மரியாதை. சீக்குக்காரன் என்றால் என்ன இருக்கிறது? டாக்டர் போன பிறகு உங்களிடம் கடுகடுத்தேன். "ஊருக்கு முன்னாடி என் மானத்த வாங்கிட்டீகளே மதினி." நீங்கள் தம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "உங்க மானம் பத்திரமா இருக்கு தம்பி. போனது என்னோடது. வாயத் தொறங்க" என்றீர்கள்.

அது எவ்வளவு உண்மை என்று ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. பெட்டி ஒட்டுகிற வேலையைக் கொடுத்துவந்த ஆள் நிறுத்திவிட்டார். பெண்கள் பிள்ளைகளை உங்களிடம் தரத் தயங்கினார்கள். அம்மா உங்களோடு பேசுவதையே விட்டுவிட்டாள். ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு, "ஏலே, அந்தக் கரண்டிய எடுத்து வைக்கச் சொல்லு" என்று வாசலில் இருக்கிற என்னிடம் சொல்வாள். நீங்கள் கரண்டியை எடுத்து வைத்துவிட்டு, "எடுத்து வச்சாச்சுன்னு சொல்லுங்க தம்பி" என்பீர்கள். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் இரண்டு பேரும் ஒரே நாடகத்தைத் தினமும் பார்ப்பீர்கள். அழவேண்டிய இடத்தில் இரண்டு பேரும் அழுவீர்கள். பேச்சு மட்டும் கிடையாது.

அப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் நாம் சேர்ந்து போக ஆரம்பித்தோம். திருத்தங்கலில் பஸ் ஏறி விருதுநகரில் இறங்கி, உங்களுக்கு ஒரு வரிசை, எனக்கு ஒரு வரிசை. மாத்திரை வாங்கியானதும் எண்ணெய் புரோட்டாக் கடை. சால்னாவில் ஊறப்போட்டு, முறுமுறுப்பு அடங்குவதற்குள் அள்ளிச் சாப்பிடுவீர்கள். "செவ்வாக்கிழம சால்னாவா மதினி?" என்று நான் சீண்டினால், "டாக்டர் எழுதிக் குடுக்க மறந்த மாத்திரை தம்பி இது. ஆத்தாட்ட நான் சொல்லிக்கிடுறேன், நீங்க தின்னுங்க" என்பீர்கள். உங்கள் நோய்க்கும் என் நோய்க்கும் அந்தக் கடையில் ஒரே மேசை. விதவை மதினியும் கல்யாணமாகாத கொழுந்தனும் ஜோடி போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள் என்று ஊர் என்னென்னவோ பேசியது. எனக்குக் கொதித்தது. நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை.

அந்தக் கடையில்தான் ஒருநாள், பாதிப் புரோட்டாவைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்.

"உங்க அண்ணன பேய் அடிக்கல தம்பி. உங்களுக்கு வந்ததுதான் அவுகளுக்கும்."

நான் சால்னாக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். நீங்கள் தொடர்ந்து சொன்னீர்கள்.

"நான் மொத தடவ டாக்டர்ட்ட போனப்ப, புருசன் எப்படிச் செத்தாருன்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறந்தான் வெவரமாச் சொன்னாரு. சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னது நாந்தான். இனி தொட்டா எம் பொணத்தத்தான் பாப்பீகன்னு சொல்லி அணைக்க வச்சேன். தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னது அத்தை. உங்க அண்ணன் எத்தன சத்தியம் மீறியிருக்காக. இந்த ஒண்ணத்தான் காப்பாத்துனாக. மீறியிருந்தா உசுரோட இருந்திருப்பாக."

நீங்கள் அழவில்லை. விரலில் ஒட்டியிருந்த சால்னாவைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். நான்தான் மேசையில் கவிழ்ந்து அழுதேன். சப்ளை பண்ணுகிறவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"உங்களுக்கு அது தெரியாதே மதினி. தெரியாம செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீக? ஊருல அம்புட்டுப் பேரும் சூடம் அணைக்கத்தானே வைக்கிறாக" என்றேன்.

"டாக்டரும் அதத்தான் சொல்றாரு. மண்டைக்கு வெளங்குது. மனசுக்கு வெளங்கணுமே."

பிறகு என் கையைத் தட்டிச் சொன்னீர்கள். "அத்தைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். பெத்தவுக. தட்டப் புடிச்ச கை. நான் மாத்திரை தின்னு தாங்குறேன். அவுக தாங்க மாட்டாக. அவுகளுக்குப் பேயின்னே இருக்கட்டும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோயில் முன்னால், எவன் சொன்னான் என்று அம்மா கேட்டபோது, உங்க மூத்த மகன் இப்படித்தான் செத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மா எதிரில் நின்றதால் அதை விழுங்கிவிட்டு, உங்களையே பைத்தியம் என்று ஊருக்கு எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்குக் கூலியாக அம்மாவின் பேச்சையும் இழந்து கிடந்தீர்கள். எனக்கு உங்கள் மேல் வந்த மரியாதைக்கு அளவில்லை. கூடவே கோபமும் வந்தது. இப்படி ஒரு மனுசி இருக்கலாமா?

மருந்து அறைக்கு என்னை மறுபடி விடவில்லை. காயப்போடுகிற மேடையிலும் லோடு ஏற்றவும் போட்டார்கள். சம்பளத்தன்று வேன் திரும்பி வந்து நிற்கிற இடம் சரியாக ஒயின்ஷாப் வாசல். நீங்கள் அங்கே வந்து நின்றுவிடுவீர்கள். தலையில் முக்காடு கிடையாது, ஒளிவு மறைவு கிடையாது. கடை வெளிச்சத்தில் பளிச்சென்று நிற்பீர்கள். கூட இறங்குகிறவர்கள் சிரிப்பார்கள். "என்னைய என்ன பச்சப்புள்ளன்னு நெனச்சீகளா?" என்று ஒருநாள் எகிறினேன். "பச்சப்புள்ளன்னா நான் ஏன் வாரேன்? அது நேரா வீட்டுக்கு வந்துருமே" என்றீர்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். தொண்டை வறண்டு, கால் கடைப் பக்கமே இழுத்துக்கொண்டிருக்க, அந்தச் சிரிப்போடு உங்கள் பின்னால் நடந்து வந்தேன்.

அப்படியும் விழுந்தேன். தீபாவளிக்குப் பிறகு கம்பெனி பூட்டி, கையும் காலும் சும்மா கிடந்தபோது, சிவகாசியில் ஒரு கூட்டாளியோடு உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலையில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். காபியை வைத்துவிட்டு, "நேத்துக் குடிச்சீக. சரி. இன்னைக்கு என்ன செய்யப் போறீக?" என்று கேட்டீர்கள். "எல்லாம் போச்சு மதினி" என்றேன். "வழுக்கி விழுந்த எடத்துலயே பாய விரிச்சுப் படுத்துக்கிடுவீகளாக்கும்? எந்திரிங்க. டாக்டர்ட்ட போவோம்" என்றீர்கள். செவ்வாய்க்கிழமைகூட இல்லை அன்று.

நீங்களும் ஒருமுறை விழுந்தீர்கள். இந்த மாத்திரையைத் தின்றால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டீர்கள். மறுபடி தலை சீவாமல், ஓடுகிற டிவியைப் பார்க்காமல், அதற்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தீர்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. "பாய விரிச்சாச்சா மதினி?" என்று கேட்டேன். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எழுந்து சேலை மாற்றினீர்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வழியெல்லாம் கண்ணை மூடியே வந்தீர்கள். அன்றைக்குப் புரோட்டா வேண்டாம் என்றீர்கள். அதற்குப் பிறகு பல வாரம் கழித்துத்தான் கேட்டீர்கள்.

நீங்கள் போனதற்கு மட்டும் எந்த முன்னறிவிப்பும் இல்லை. தண்ணீர் லாரி வந்திருக்கிறது என்று குடத்தோடு போனீர்கள். வரிசையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்றார்கள். நான் கம்பெனியில் இருந்தேன். கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், போர்மேன் ஓடிவந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. வந்து பார்த்தபோது பெஞ்சில் கிடத்தி நாடி கட்டியிருந்தார்கள். உங்களிடம் நான் கடைசியாகப் பேசியது என்ன என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னதாக இருக்கும்.

பிள்ளை இல்லாத உங்களுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். துட்டி வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் ஆம்பளைகள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்த உங்கள் பெரிய அண்ணன் ஒரு தம்ளரில் ஊற்றி என் கையில் வைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. அழுதுகொண்டேதான் கொடுத்தார். "கொள்ளி வச்ச கையிய்யா. இது இல்லாம எப்படித் தாங்குவீக? இன்னைக்கு ஒருநாள் ஒண்ணும் ஆகாது."

வாங்கிக்கொண்டேன் மதினி. பொய் சொல்ல மாட்டேன். சுவரோரம் போய் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசம் இத்தனை வருசம் கழித்தும் என்னை அடையாளம் வைத்திருந்தது. இன்றைக்கு நான் குடித்தால் நாளைக்குக் காலையில் காபியை வைத்துவிட்டு, இன்னைக்கு என்ன செய்யப் போறீக என்று கேட்க யார் இருக்கிறார்கள்? அந்த நினைப்பு வந்ததும், குடிக்கக்கூடாது என்று தோன்றவில்லை. கேட்க ஆளில்லாதபோது குடிக்காமல் இருந்துதான் என்ன என்று தோன்றியது. அவ்வளவு தனியாக நான் என்றைக்குமே இருந்ததில்லை. தம்ளரை வாய்ப் பக்கம் கொண்டுபோனேன்.

அப்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்ளரைப் பார்த்தாள்.

"ஏலே."

"என்னம்மா?"

"ஒன்னைய அன்னைக்கு வேன்ல தூக்கிப் போட்டுக் கொண்டுபோனாளே அவ. அது மாதிரி மூத்தவனையும் கொண்டுபோயிருந்தா பொழச்சிருப்பானா?"

அம்மாவின் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. எத்தனை நாளாக அதை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. நீங்கள் புரோட்டாக் கடையில் சொன்னது காதில் கேட்டது. பேயின்னே இருக்கட்டும். சரி, தெரியலம்மா என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் முடியவில்லை மதினி.

"பொழச்சிருப்பான்மா."

அம்மா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"என்னைய கொண்டுபோறதுக்கு முன்னாடியே."

"தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னது நாந்தான்னு..."

"அதனாலதாம்மா ஒங்கிட்ட சொல்லல. ஒன்னால தாங்க முடியாதுன்னு சொன்னாக."

அம்மா அதுவரை உங்களுக்காக அழுதிருக்கவில்லை. ஊருக்காக ஒப்புக்கு மாரில் அடித்துக்கொண்டதோடு சரி. இப்போது எழுந்து, உங்களைக் கிடத்தியிருந்த அந்த வெறும் பெஞ்சுக்குப் போய், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"அடிப் பாவி மகளே! ஒத்தையில இதச் சொமந்துகிட்டா எனக்குச் சோறு பொங்கிப் போட்ட? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுதிருப்போமேடி!"

நான் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய் அம்மாவைப் பிடித்தேன். பிறகு அந்தத் தம்ளர் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

இப்போது அம்மா மாறிவிட்டாள். எந்த வீட்டிலாவது ஒருத்தி, புருசனைச் சத்தியம் பண்ண வைத்துவிட்டேன், இன்றோடு குடியை நிறுத்திவிட்டான் என்று சந்தோசமாகச் சொன்னால், வேலையைப் போட்டுவிட்டு அங்கே போய்விடுகிறாள். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. சட்டுனு நிப்பாட்டக் கூடாது. எம் மூத்த மகன அப்படித்தான் நான் பறிகுடுத்தேன். தட்டப் புடிச்சவ நாந்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறாள். அம்மா தாங்குகிறாள் மதினி. அழுதுகொண்டேதான், ஆனால் தாங்குகிறாள். நீங்கள் கணக்குத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள். அந்த ஒரு தப்பால் அத்தனை வருசம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் கிடந்தீர்கள். அம்மா வாய் திறந்து பேசும்போதெல்லாம், கேட்க நீங்கள் இல்லையே என்ற பாரம்தான் எனக்குக் கூடுகிறது. அதை இறக்கி வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். சுமந்துகொண்டே நடக்கப் பழகலாம் என்றார்.

இன்றைக்குக் குடிக்கவில்லை மதினி. அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள். உங்கள் பெயரைச் சொல்லி, ஒரு பிடி ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தினமும் சாப்பிடுகிறாள். ஆறிப்போவதற்குள் போகிறேன்.